குடும்பத்தில் இடுப்பு மூட்டுக் குறைபாடு: கைக்குழந்தைக்கு ஸ்கேன் எப்போது, எக்ஸ்ரே எப்போது?

தளிர்நடை:
பிறந்த குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மேசைமேல் வைத்துக்கொள்ள ஒரு பக்கக் குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு பத்தியில் மட்டும் பேனா நிற்கிறது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது பிறவி இடுப்பு மூட்டுக் குறைபாடு (டிடிஹெச்) இருந்திருக்கிறது. குழந்தையின் இடுப்பைக் கையால் பார்த்தால் எந்தக் கோளாறும் இல்லை. இந்தக் குழந்தைக்குப் படம் எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த வாரத்தில், எந்தப் படம் (அல்ட்ராசவுண்ட் ஸ்கேனா, எக்ஸ்ரேவா), முதல் படம் நன்றாக வந்துவிட்டால் அடுத்தது வேண்டுமா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. தெரிந்தவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கிண்ணமும்பந்தும்:
படத்துக்கு முன்னால் ஒன்றைச் சரிசெய்யுங்கள். "குடும்பத்தில் இடுப்புப் பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலில் பாதி பயன்படாது. 75 வயதுப் பாட்டிக்குத் தேய்மானத்தால் மூட்டு மாற்றியதையும் "ஆமாம்" என்பார்கள். குழந்தைப் பருவத்தில் இடுப்புக்குப் பெல்ட் போட்டிருந்த அப்பாவுக்கோ அது நினைவிலேயே இருக்காது, அவருடைய அம்மாவைக் கேட்டால்தான் தெரியும்.

இப்படிக் கேளுங்கள்: குழந்தையின் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது சிறு வயதில் இடுப்புக்குப் பெல்ட், மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை நடந்ததா? நடக்க ஆரம்பித்தபோதே விந்தி நடந்தார்களா? ஒரு கால் குட்டை என்று யாராவது சொன்னதுண்டா? நாற்பது வயதுக்குள் இடுப்பு மூட்டு மாற்ற வேண்டி வந்ததா? கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எண்களும் குறிப்பில் இருக்கட்டும். 1970-இல் ஆய்வாளர் வின்-டேவிஸ் வெளியிட்ட கணக்கைத்தான் இன்றும் எடுத்துச் சொல்கிறோம்: மூத்த குழந்தைக்கு இருந்து பெற்றோருக்கு இல்லையென்றால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு சுமார் 6%. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 12%. பெற்றோரில் ஒருவருக்கும் மூத்த குழந்தைக்கும் இருந்தால் 36%. ஆகவே "குடும்ப வரலாறு உண்டு" என்று ஒரே வரியில் எழுதுவது குறை. யாருக்கு இருந்தது என்பதையும் எழுத வேண்டும். 6 விழுக்காடும் 36 விழுக்காடும் ஒரே கவனிப்பைக் கேட்பவை அல்ல.

தளிர்நடை:
சித்தி, மாமா, பெரியப்பா மகள்?

கிண்ணமும்பந்தும்:
வழிகாட்டு நெறிகள் பொதுவாகப் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும்தான் கணக்கில் எடுக்கின்றன. தூரத்து உறவில் ஒருவர் மட்டும் என்றால் அதை வைத்தே ஸ்கேன் கட்டாயம் ஆகாது. பெண் குழந்தை, முதல் குழந்தை, பிரீச் (வயிற்றில் பிட்டம் கீழாக இருந்த நிலை), கடைசி மாதங்களில் பனிக்குட நீர் குறைவு என்று வேறேதாவது கூடச் சேர்ந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆல்ஃபா60:
ஸ்கேன் மேசைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

வயது முதலில். கையால் பார்த்து இயல்பாக இருக்கும் குழந்தைக்கு 4 முதல் 6 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. பிறந்த சில நாட்களில் எடுத்தால் கிண்ணம் (தொடை எலும்பின் பந்து போன்ற தலை உட்காரும் இடுப்பெலும்புக் குழி) இன்னும் பக்குவப்படாமல் ஆழம் குறைவாகத் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடும். அதைப் பார்த்து அவசரப்பட்டால் தேவையில்லாத பெல்ட்டும் தேவையில்லாத கவலையும்தான் மிச்சம். மூன்று மாதம் வரை தள்ளிப்போட்டாலோ கிண்ணம் வேகமாக வளரும் காலம் கையைவிட்டுப் போய்விடும். முதல் ஆறேழு வாரங்களில் கிண்ணத்தின் எலும்புக் கூரையை ஸ்கேனில் அளக்கும் ஆல்ஃபா கோணம் விறுவிறுவென்று கூடும், பிறகு நிதானப்படும். சிகிச்சை வேண்டுமென்றால் அந்த வேகம் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஆஸ்திரியாவில் 1992 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் முதல் வாரத்தில் ஒருமுறை, 6–8 வாரத்தில் ஒருமுறை. ஜெர்மனியில் எல்லோருக்கும் 4–5 வாரத்தில், குடும்ப வரலாறோ பிரீச்சோ இருந்தால் முதல் பத்து நாட்களுக்குள்ளேயே. பிரிட்டனில் ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு மட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016 அறிக்கை, குடும்ப வரலாறு உள்ள குழந்தைக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு படம் எடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது: 6 வாரத்திலிருந்து அல்ட்ராசவுண்ட், அல்லது 4–6 மாதத்தில் எக்ஸ்ரே.

குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். 34 வாரத்தில் பிறந்த குழந்தை ஆறு வாரம் கழித்து வந்து படுத்தால், அது உரிய தேதியில் பிறந்த குழந்தையின் முதல் நாள் மாதிரிதான்.

இனி படம். ரிப்போர்ட்டில் "ஆல்ஃபா 61, இயல்பு" என்று ஒரு வரி இருந்தால் அதை நம்பிக் கோப்பை மூடாதீர்கள், படத்தைப் பாருங்கள். கிராஃப் என்ற மருத்துவர் வகுத்த ஸ்கேன் முறையில் மூன்று அடையாளங்கள் ஒரே படத்தில் விழ வேண்டும்: கிண்ணத்தின் அடியில் இலியம் எலும்பின் (இடுப்பெலும்பின் மேல்பகுதி) கீழ்முனை பளிச்சென்று தெரிய வேண்டும், மேலே இலியத்தின் வெளிக்கோடு வளையாமல் நேராக ஓட வேண்டும், லேப்ரம் (கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள மென்வளையம்) தெரிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் கோணம் அளக்கக் கூடாது. பந்து கிண்ணத்தை விட்டே வெளியேறிய இடுப்பு மட்டும் இதற்கு விலக்கு. அங்கே கீழ்முனை அந்தத் தளத்தில் அகப்படாது, அளக்கவும் வேண்டாம், நிலைமை பார்த்ததுமே தெரிந்துவிடும்.

எங்கே தவறுகிறது என்று சொல்கிறேன். உடலில் வைக்கும் ஸ்கேன் முனையான புரோபைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ நகர்த்தினால் அந்த நேர்க்கோடு சரியும், அல்லது வளையும். இதைத் திரையில் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். புரோபைத் தலைப்பக்கமோ கால்பக்கமோ சாய்த்துப் பிடித்தால் வரும் பிழைதான் மோசம். படம் ஏறக்குறைய சரியாகவே தெரியும், கோணம் மட்டும் மாறியிருக்கும். நல்ல இடுப்பு கெட்ட இடுப்பாகத் தெரிவது இப்படித்தான். அதனால்தான் புரோபைத் தாங்கும் சட்டமும், குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தும் தொட்டிலும் வேண்டும் என்று கிராஃப் வலியுறுத்தினார். வளைந்த புரோப் கூடவே கூடாது, நேர்கோட்டு புரோப்தான், 7.5 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல்.

ஒரு பக்கத்துக்கு இரண்டு படம் உறைய வைக்க வேண்டும். குழந்தை பசியோடு இருந்தால் ஒன்றுகூட வராது. பால் கொடுத்துவிட்டு, அறையைக் கதகதப்பாக்கி, டயப்பரை ஒரு பக்கம் மட்டும் அவிழ்த்து எடுங்கள். முழுசாகக் கழற்றினால் குளிரில் காலை உதைக்கும். தொடை லேசாக மடங்கி, சற்று உட்பக்கம் திரும்பியிருந்தால் போதும், இழுத்து நீட்ட வேண்டாம்.

தளிர்நடை:
எண்களைப் படிக்கும் வரிசையையும் சொல்லிவிடுங்கள். அளவீடு கையில் வந்த பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

கிண்ணமும்பந்தும்:
ஆல்ஃபா 60-ம் அதற்கு மேலும் வகை 1, பக்குவமான இடுப்பு. 50–59 வகை 2. இதில் வயதுதான் தீர்மானிக்கிறது: 12 வாரத்துக்குள் 2அ, பக்குவமின்மை என்று சொல்லலாம். 12 வாரம் தாண்டியும் அங்கேயே நின்றால் 2ஆ, அது டிஸ்ப்ளேசியா, அதாவது கிண்ணம் சரியாக உருவாகாத நிலை. 43–49 வந்தால் காத்திருக்கும் கட்டம் முடிந்தது, எலும்பியல் மருத்துவரிடம் அந்த வாரமே அனுப்புங்கள். இந்த இடைவெளியில் பீட்டா (கிண்ணத்தின் குருத்தெலும்புக் கூரையை அளக்கும் கோணம்) 77-ஐத் தாண்டினால் பந்து வெளியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள். 43-க்குக் கீழே பந்து இடம் மாறிய இடுப்பு.

2அ-வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குடும்ப வரலாறு உள்ள குழந்தைகளிடம் அதை விட்டுவிடக் கூடாது. ஆறு வாரத்தில் ஆல்ஃபா 55-ஐத் தொட்டிருந்தால் வளர்ச்சி வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குக் கீழே என்றால் பின்தங்குகிறது. 57 என்றால் 4–6 வாரம் கழித்து மறு ஸ்கேன், 12 வாரத்துக்குள் 60-ஐத் தொட வேண்டும். 52 என்றால் மறு ஸ்கேன் என்று மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள், சிகிச்சை தெரிந்தவர் இப்போதே பார்க்கட்டும்.

இன்னொரு ஸ்கேன் முறையான ஹார்க்கி முறையில் அசைத்துப் பார்க்கும் இடங்களில் பந்தின் எவ்வளவு பங்கு கிண்ணத்துக்குள் இருக்கிறது என்பதைச் சதவீதமாகத் தருவார்கள். 50 அல்லது அதற்கு மேல் இயல்பு. அதுவும் இலியக் கோடு நேராக வந்த படத்தில் அளந்தால்தான்.

நிழற்படம்:
கேள்வியின் முக்கியமான பகுதிக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஆறு வார ஸ்கேன் நல்ல தளத்தில் எடுத்து, இரு பக்கமும் ஆல்ஃபா 60-க்கு மேல். ஆறு மாதத்தில் எக்ஸ்ரே வேண்டுமா? பல இடங்களில் குடும்ப வரலாறு உள்ள எல்லோருக்கும் ஒரு படம் என்று வழக்கம் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்ல வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆல்ஃபா60:
எனக்குத் தெரிகிறது. மூன்று அடையாளமும் உள்ள படத்தில், ஆறு வாரத்துக்கு மேல் பக்குவமாக வந்த இடுப்பு பின்னால் கெடுவது அரிது. பிரிட்டன் முறையில் ஸ்கேன் இயல்பென்றால் கைப் பரிசோதனையோடு விட்டுவிடுகிறார்கள். அமெரிக்க அறிக்கையிலும் ஸ்கேன் "அல்லது" எக்ஸ்ரே என்றுதான் இருக்கிறது, "மற்றும்" இல்லை. ஆயிரம் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுத்தால், அதில் எல்லைக்கோட்டில் நிற்கும் கிண்ணக் கோணங்கள் (எக்ஸ்ரேயில் அளக்கும் கூரைச் சரிவு) 27°, 28° எத்தனை வரும் என்று பாருங்கள். அத்தனை வீட்டிலும் அடுத்த எக்ஸ்ரே வரை நிம்மதி போய்விடும்.

நிழற்படம்:
நீங்கள் சொல்வது மூன்று அடையாளமும் உள்ள படத்துக்கு. வெளியே இருந்து வரும் ரிப்போர்ட்டுகளில் எத்தனை அப்படி வருகின்றன? படமே இணைக்காமல் எண் மட்டும் வரும்போது?

ஆல்ஃபா60:
அப்படி வந்தால் ஸ்கேனே எடுக்கவில்லை என்று கொள்ளுங்கள். குழந்தை மூன்று மாதத்துக்குள் இருந்தால் மறுபடி ஸ்கேன், நான்கு மாதம் தாண்டிவிட்டால் எக்ஸ்ரே. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

கிண்ணமும்பந்தும்:
இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு கேள்வியில் துறைக்குள்ளேயே ஒருமித்த முடிவு கிடையாது. நான் பிரிப்பது இப்படி. ஒருவருக்கு மட்டும் வரலாறு, ஆறு வாரத்தில் தெளிவான வகை 1, கைப் பரிசோதனையில் எதுவும் இல்லை: எக்ஸ்ரே வேண்டாம், நடக்கும் வரை ஒவ்வொரு தடுப்பூசி வருகையிலும் இடுப்பை விரித்துப் பார்த்தால் போதும். பெற்றோருக்கும் உடன்பிறந்தவருக்கும் இருந்தது, அல்லது குடும்ப வரலாற்றோடு பிரீச்சும் சேர்ந்தது, அல்லது முதல் ஸ்கேனில் 2அ வந்து பிறகு 60-ஐத் தொட்டது, அல்லது படத்தின் தரம் ஐயம்: ஆறு மாதத்தில் ஒரு நேர் எக்ஸ்ரே.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. சில குடும்பங்களில் கிண்ணத்தின் ஆழக் குறைவு கைக்குழந்தையில் தெரியாது, பதின்வயதிலோ இளமையிலோ தொடை மடிப்பில் வலியாகத்தான் முதலில் தலைகாட்டும். அம்மாவுக்கோ அத்தைக்கோ இளம் வயதிலேயே மூட்டு மாற்றியிருந்தால் இதை நினைவில் வைக்க வேண்டும். ஆறு வார ஸ்கேன் அன்றைய இடுப்பைத்தான் காட்டும். பதினைந்து வயதில் வலி என்று வரும் பிள்ளையிடம் "அதெல்லாம் குழந்தையிலேயே பார்த்தாச்சு" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

தளிர்நடை:
எக்ஸ்ரேவை ஏன் நான்கு மாதத்துக்கு முன்பே எடுக்கக் கூடாது என்று செவிலியர்கள் கேட்கிறார்கள். ஸ்கேன் வசதி தூரத்தில் இருக்கும்போது இரண்டு மாதத்திலேயே எக்ஸ்ரே எழுதி அனுப்பிவிடுகிறார்களாம்.

நிழற்படம்:
இரண்டு மாதக் குழந்தையின் தொடை எலும்புத் தலை முழுக்கக் குருத்தெலும்பு. கிண்ணத்தின் விளிம்பும் அப்படித்தான். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, பந்து இருக்கும் இடம் வெறும் இருட்டு. தலைக்குள் எலும்புப் புள்ளி பெரும்பாலும் 4–6 மாதத்தில்தான் தோன்றும். அதற்கு முன் எடுத்த படம் "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அது தைரியம் தருவதற்கில்லை. தூரம் காரணமென்றால் நான்கு மாதம் வரை காத்திருந்து எக்ஸ்ரே எடுங்கள். ஆனால் கைப் பரிசோதனையில் ஐயம் வந்த குழந்தையைக் காக்க வைக்காதீர்கள், அது எவ்வளவு தூரமானாலும் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கதை தலைகீழ். அந்த எலும்புப் புள்ளி பெரிதானதும் ஒலி அலையை மறித்து நிழல் போடும், இலியத்தின் கீழ்முனை அந்த நிழலில் மறைந்துவிடும். அப்போது ஸ்கேன் கேட்பதில் பயனில்லை.

எடுக்கும் முறையில் கெடுவதுதான் அதிகம். மல்லாந்து படுக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கமும் திரும்பக் கூடாது. கால்கள் சேர்ந்து, முழங்கால் சில்லு மேலே பார்த்து, தொடை 20–30 டிகிரி தூக்கிய நிலை. குழந்தையின் தொடை இயல்பாகவே முழுக்க நீளாது. அதை அழுத்தி நீட்டினால் முதுகு வளைந்து இடுப்பெலும்பு சாய்ந்துவிடும், கிண்ணக் கோணம் மாறிவிடும். முழங்காலுக்கடியில் ஒரு சுருட்டிய துணி போதும்.

படம் வந்ததும் முதலில் அடைப்புத் துளைகள் இரண்டையும் பாருங்கள். இடுப்பெலும்பின் கீழே முட்டை வடிவில் இரண்டு ஓட்டைகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம் என்றால் குழந்தை நேராகப் படுத்திருக்கிறது. ஒன்று கீற்றாகவும் ஒன்று அகலமாகவும் இருந்தால் திரும்பிப் படுத்திருக்கிறது, ஒரு பக்கக் கோணம் குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் பொய் சொல்லும். எலும்பியல் மருத்துவர் டோனிஸ் இந்த இரண்டு துளைகளின் அகல விகிதம் 0.56-க்கும் 1.8-க்கும் இடையே இருந்தால் ஏற்கலாம் என்று வைத்தார். அதற்கு வெளியே போன படத்தில் கோணம் அளப்பது வீண்.

கால்களை அகட்டித் தவளை போல எடுத்த படம் தனியாக வந்தால் ஏற்காதீர்கள். அகட்டியதும் வெளியேறிய பந்து உள்ளே போய்விடக்கூடும், படம் அழகாக வரும். நேர்ப் படம் இல்லாமல் அது செல்லாது.

இன்னொன்று, ஈயத் தகடு. இனவிருத்தி உறுப்பை மறைக்கத் தகடு வைப்பது பழைய வழக்கம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. இன்றைய கருவிகளில் கதிர் அளவு மிகக் குறைவு, தகடோ நாம் அளக்க வேண்டிய எலும்பையே மறைத்து மறுபடம் எடுக்க வைக்கிறது. அப்படியானால் கதிர் இரட்டிப்பு. பெற்றோர் கேட்டால் இதைப் பொறுமையாக விளக்குங்கள், அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

தளிர்நடை:
கோணத்தின் அளவு?

கிண்ணமும்பந்தும்:
இரண்டு பக்கத்து மும்முனைக் குருத்தெலும்பின் (கிண்ணத்தின் அடியில் மூன்று இடுப்பெலும்புகள் சேரும் இடம்) வழியாக ஒரு கிடைக்கோடு, ஹில்கன்ரைனர் கோடு. அங்கிருந்து கிண்ணக் கூரையின் வெளி விளிம்புக்கு இன்னொரு கோடு. இடையிலுள்ளதுதான் கிண்ணக் கோணம். ஆறு மாதத்தில் 30°-ஐத் தாண்டினால் ஐயமில்லாமல் மேல்நடவடிக்கை. ஒரு வயதில் சுமார் 25°-ஐ ஒட்டியும், இரண்டு வயதில் அதற்கும் கீழேயும் வர வேண்டும். பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஒரே படத்தை இருவர் அளந்தால் 4–5 டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். எனவே 26-லிருந்து 28-க்குப் போனது என்று பதற வேண்டாம், 30-லிருந்து 29-க்கு வந்தது என்று மகிழவும் வேண்டாம். போக்கைப் பாருங்கள். ஒருவரே அளந்தால் இன்னும் நல்லது.

எலும்புப் புள்ளி ஒரு பக்கம் தெரிந்து மறுபக்கம் தெரியவில்லை என்றால், தெரியாத பக்கத்தைச் சந்தேகியுங்கள். இரு பக்கமும் இல்லையென்றால் சர்வதேச இடுப்பு டிஸ்ப்ளேசியா நிறுவனத்தின் வகைப்பாடு கைகொடுக்கும். அது தொடை எலும்புக் கழுத்தின் மேல் விளிம்பு நடுப்புள்ளியை வைத்தே பந்து எங்கே என்று சொல்கிறது, எலும்புப் புள்ளிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மென்கை:
படங்களைப் பற்றி நிறைய வந்துவிட்டது. கைப் பரிசோதனையைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இரண்டு படங்களுக்கு நடுவே குழந்தையைக் காப்பது அதுதான்.

பார்லோ (பந்து கிண்ணத்தை விட்டு வெளியேறுகிறதா என்று தள்ளிப் பார்ப்பது), ஓர்டலானி (வெளியேறிய பந்து உள்ளே திரும்புகிறதா என்று பார்ப்பது) இரண்டும் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குத்தான். பிறகு தசை இறுகி, வெளியேறிய இடுப்புகூடச் சத்தமில்லாமல் இருக்கும். நான்கு மாதக் குழந்தைக்கு "ஓர்டலானி இல்லை, இயல்பு" என்று எழுதுவதில் பொருளே இல்லை. அந்த வயதில் பார்க்க வேண்டியது அகட்டும் அளவு. தொடைகளை 90 டிகிரி மடக்கி, இரண்டையும் ஒரே நேரத்தில் மெதுவாக விரியுங்கள். ஒரு பக்கம் 60 டிகிரிக்கு முன்பே நின்றாலோ, இரு பக்கத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருந்தாலோ, முன்பு எடுத்த ஸ்கேன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புதுப் படம் வேண்டும்.

இரு பக்கமும் வெளியேறிய குழந்தைதான் நம்மை ஏமாற்றும். முழங்கால் உயரம் சமமாக இருக்கும், மடிப்புகள் சமமாக இருக்கும், விரிவதும் இரு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருக்கும். "சமம்" என்றதும் மனம் "இயல்பு" என்று எழுதிவிடுகிறது. அதனால் வித்தியாசத்தை மட்டும் எழுதாமல் இடம் 55, வலம் 55 என்று டிகிரியையே எழுதுங்கள்.

மெல்லிய "டிக்" சத்தம் பெரும்பாலும் தசைநாரிலிருந்து வருவது. பந்து எலும்பு விளிம்பைத் தாண்டி விழுவது கைக்கே தெரியும், அது வேறு. தொடை மடிப்பு ஒன்று கூடுதலாக இருப்பதை மட்டும் வைத்துக் குடும்பத்தைப் பயமுறுத்த வேண்டாம்.

தளிர்நடை:
பெல்ட் போட்டுச் சரியான குழந்தைக்குத் தொடர்படங்கள்?

கிண்ணமும்பந்தும்:
அது தனிப் பக்கம் கேட்கும் விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து வெளியே இருந்து பாவ்லிக் பெல்ட் (தொடைகளை மடக்கி விரித்து வைக்கும் பட்டைகள்) போட்டிருந்தால் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன், பெல்ட்டைக் கழற்றாமலேயே. மூன்று நான்கு வாரத்தில் பந்து உள்ளே போய் உட்காரவில்லை என்றால் பெல்ட்டை நிறுத்த வேண்டும். தொடர்ந்து போட்டால் வெளியே நிற்கும் பந்து கிண்ணத்தின் பின்விளிம்பை அரித்துவிடும், பிறகு எதுவும் எளிதில் நிற்காது. ஒவ்வொரு வருகையிலும் குழந்தை முழங்காலை நீட்டி உதைக்கிறதா என்று பாருங்கள். உதைக்கவில்லை என்றால் தொடை அதிகமாக மடங்கி நரம்பு அழுந்துகிறது, அன்றே முன்பட்டையைத் தளர்த்த வேண்டும். சரியான பிறகும் ஆறு மாதம், ஒரு வயது, பிறகு இடைவெளி விட்டு நேர் எக்ஸ்ரே தொடரும். பெல்ட்டோடு கதை முடிந்தது என்று நினைத்து வராமல் போகும் குடும்பங்களை நாமே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆல்ஃபா60:
உங்கள் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: "இயல்பு" என்ற சொல்லோடு குழந்தையின் வயது வாரக் கணக்கில், இரு பக்கக் கோணம், மூன்று அடையாளமும் இருந்தனவா இல்லையா, இந்த மூன்று விவரமும் சேர்ந்து வராத எந்த ரிப்போர்ட்டையும் திருப்பி அனுப்பலாம்.

தளிர்நடை:
சேர்த்துவிட்டேன். கடைசியாக ஒரு கேள்வி. இரண்டாவது குழந்தைக்கு டிடிஹெச் கண்டுபிடித்தோம், மூன்று வயது அக்காவுக்கு எப்போதும் படமே எடுத்ததில்லை. அவளை என்ன செய்வது?

கிண்ணமும்பந்தும்:
நடையைப் பாருங்கள், தொடையை விரித்துப் பாருங்கள், கால் நீளம் பாருங்கள். விந்தல், வாத்து நடை, விரிவதில் குறை, ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வாரமே எக்ஸ்ரே. எதுவும் இல்லாவிட்டாலும், இப்போது அவளும் உடன்பிறந்தவருக்கு வரலாறு உள்ள குழந்தை. ஒரே ஒரு நேர் எக்ஸ்ரே எடுக்கலாமா என்று பெற்றோரோடு பேசி முடிவெடுங்கள். பெற்றோரில் ஒருவருக்கும் இருந்தது என்றால் நான் எடுத்துவிடுவேன்.